நானே போட்ட மாதிரி

சேவியருக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துவிடாதே. உன் அப்பன்தான். கை நடுக்கம் வந்ததிலிருந்து ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடுகிறது. நீ டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அன்வர் கடைக்குக் கிளம்பிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று நாலாவது நாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேச உட்கார்ந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பாதியிலேயே அதை ஒரு கதையாக்கி, கை கால் ஆட்டி, உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேன். இத்தனை வருஷமாக நான் செய்த தப்பே அதுதான். காகிதத்தில் அந்த வித்தை செல்லாது.

போன ஞாயிறு எட்டு மணிப் பூசையில் உனக்கும் ரெஜினாவுக்கும் மூன்று கல்யாண ஓலையில் முதல் ஓலையை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று ஃபாதர் படித்தபோது எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஐம்பது வருஷமாக யார் யாருக்கோ ஓலை வாசித்துக் கேட்டிருக்கிறேன், அந்த வரி வரும்போது கொட்டாவி விடுவேன். அன்றைக்கு முடியவில்லை. நீ சிறையில் இருந்த இரண்டு வருஷத்தைத் துபாயில் இருந்ததாக ரெஜினா வீட்டில் சொன்னவன் நான். வடபழனியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவள் அப்பா மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அங்க வெயில் எப்படிங்க?" என்று கேட்டார். "நம்ம ஊர் கத்திரி வெயில்லாம் ஒண்ணுமே இல்லீங்க. ரோட்ல நடந்தா செருப்பு ஒட்டிக்குமாம், போன்ல சொல்லுவான்" என்று நான் அள்ளிவிட்டேன். நீ தலையைத் தூக்கவே இல்லை. உனக்கு வேறு வழி நான் வைக்கவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தன. அதற்குள் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லாமல் உன்னைப் பலிபீடத்தின் முன்னால் நிறுத்தினால், என்னிடமிருந்து நீ கடைசியாகக் கற்றுக்கொண்டதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

கடைசியாக என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் முதலில் கற்றுக்கொடுத்தது என்ன என்றும் சொல்லியாக வேண்டும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாம் குடியிருந்த அந்த மாடிப் போர்ஷன் உனக்கு நினைவிருக்கிறதா? பின்பக்கப் படிக்கட்டு, மொட்டை மாடியில் காயும் மிளகாய், அந்தி சாயும்போது சாந்தோம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, உன் அம்மா கண்ணயர்ந்த பிறகு நமக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. பேப்பரின் ஓரத்து வெள்ளை இடத்தில் நான் ஒரு கையெழுத்துப் போடுவேன், அது யாருடையது என்று நீ சொல்ல வேண்டும். உன் பெரிய மாமாவுடையது என்றால் முதல் எழுத்தே யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து கிடக்கும். உன் அம்மாவுடையது எறும்பு வரிசை. என்னுடையதில் கடைசியில் ஒரு சுழி, அதன் கீழே இரண்டு புள்ளி. நீ என் மடியில் உட்கார்ந்து, என் கட்டைவிரல் எங்கே அழுந்துகிறது, எங்கே விடுகிறது என்று மூச்சுக்கூட விடாமல் பார்ப்பாய். உன் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை வரும். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியான மத்தியானங்கள் பிறகு வந்ததில்லை. அதனால்தான் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

கோடை விடுமுறையில் உன்னை ஆபீசுக்கும் கூட்டிப் போவேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்குத் தெரியும். யார் முதலில் வந்தாலும் வராத மற்றவர்களுக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பத்தேகாலுக்குப் பதிவேடு அதிகாரி மேஜைக்குப் போய்விடும். தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிறவர்கள் அதற்குள் எப்படி வருவார்கள்? மற்றவர்கள் போட்டால் அது கிறுக்கல். நான் போட்டால் அந்த ஆளே வந்து போட்டது மாதிரி இருக்கும். பதினோரு பேர் செக்‌ஷனில் எனக்கு இருந்த மரியாதை எல்லாம் அந்தக் கையால் வந்ததுதான். பதினொன்றரைக்கு வியர்த்து வழிந்துகொண்டு வரும் பெருமாள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா கைப்பா இது! நானே போட்ட மாதிரி கீது" என்பார். உனக்கு ஒரு போண்டா வாங்கித் தருவார். "தப்பு இல்லியாப்பா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். எட்டு வயது உனக்கு. "பாவம்டா, பஸ் வரல. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன். நீ போண்டாவைக் கடித்தபடி தலையாட்டினாய்.

ஐந்தாம் வகுப்பில் நீ கணக்கில் ஃபெயில் ஆனது அடுத்த வருஷம். ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். உன் கிளாஸ் மிஸ்ஸுக்கு எப்படியோ சந்தேகம், என்னையும் உன் அம்மாவையும் வரச்சொல்லி ஆளனுப்பினார். கார்டை வாங்கிப் பார்த்தேன். சுழி இருந்தது. இரண்டு புள்ளியும் இருந்தது. நான் எப்போதும் இடது புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி வைப்பேன், அதுகூட இருந்தது. மிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "இது என் கையெழுத்துதான் மிஸ்" என்றேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். முழு உண்மை அது இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உன்னைத் தூக்கிச் சுற்றினேன். "டேய், இன்னாடா இது! நானே போட்ட மாதிரி கீதுடா!" என்றேன். லஸ் முனையில் உனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன், மீசை மாதிரி உன் உதட்டுக்கு மேல் நுரை ஒட்டிக்கொண்டது. உன் அம்மா குடிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "சிரிக்காதீங்க. அவன் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருக்கான்." நான் அதற்கும் சிரித்தேன். அப்புறம் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை புதுநன்மை விருந்து, எல்லாவற்றிலும் அந்தக் கதையைச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குத் தி. நகரில் துணி எடுக்கப் போகும்போது வழியில் யாராவது சொந்தக்காரர் தட்டுப்பட்டால் அங்கேயே, பாண்டி பஜார் நடைபாதையிலேயே சொல்வேன். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று காத்திருப்பாய். திருட்டு என்று பெயர் சொல்லி யாரும் யாருக்கும் திருட்டைக் கற்றுத் தருவதில்லை, சேவி. நம் வீட்டில் அது மத்தியான விளையாட்டாகவும் விருந்துக் கதையாகவும் வந்தது. அதைச் செய்தால் அப்பா தூக்கிச் சுற்றுவார் என்று ஒன்பது வயதில் உனக்குத் தெரிந்துவிட்டது.

காலேஜில் நீ பாதி கிளாஸுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுக் கொடுத்தது எனக்குத் தெரியும். "மச்சி, உன் கைக்கு மோதிரம் போடணும்டா" என்று உன் சினேகிதர்கள் மாடிப்படியில் கத்தியது கேட்டிருக்கிறது. கேட்டு உள்ளே உட்கார்ந்து புன்னகைத்தேன். பிறகு கிண்டியில் வீடும் மனையும் விற்கிற அந்த ஆபீஸ். நீயும் உன் சினேகிதன் அன்வரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தீர்கள். வாடிக்கையாளர் ஒரு தாளில் கையெழுத்துப் போட மறந்துவிட்டார், திரும்ப வரவழைக்க வேண்டாம், நீ போட்டுவிடு என்று மேனேஜர் சொன்னாராம். நீ போட்டாயாம். ஆபீஸே கைதட்டியதாம். என்னிடம் வந்து நீயே சொன்னாய், நான் கேட்டது, "எப்படி வந்துச்சு?" என்று மட்டும்தான்.

ஆறு மாதத்தில் அன்வர் அந்த வேலையை விட்டுவிட்டு மயிலாப்பூரில் படங்களுக்குக் கண்ணாடி, பிரேம் போடும் அவன் வாப்பாவின் கடைக்கே திரும்பிவிட்டான். ஒரு சனிக்கிழமை காலை நீ இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தான். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அங்கிள், அவன அங்க போவ வேணாம்னு சொல்லுங்க. இன்னா இன்னாவோ பேப்பர்ல கையெழுத்து போட்டுக்கினு கீறான். நான் சொன்னா கேக்க மாட்டேன்றான். நீங்க சொன்னா கேப்பான்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையைப் பற்றி என்னிடமே புகார் சொல்ல இவன் யார் என்று தோன்றியது. "உனக்கு வேலை ஒத்துக்கலேன்னா அவன ஏம்ப்பா இழுக்குற?" என்று கேட்டுவிட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் சொன்னால் நீ கேட்டிருப்பாய். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

உன்னைக் கூட்டிப் போகப் போலீஸ் வந்தது ஒரு காலை ஒன்பது மணிக்கு, இட்லி இன்னும் தட்டில் இருந்தது. உன் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடையாறில் தனியாக இருந்த ஓர் ஓய்வுபெற்ற டீச்சர், அண்ணன் வீட்டுக்கு வெளியூர் போயிருந்த நேரத்தில் தன் வீட்டை விற்கும் அதிகாரத்தைத் தானே எழுதிக் கொடுத்தது போல ஒரு பத்திரம், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையால் அவர் கையெழுத்து. ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே உன் குரல் கேட்டது. "அவங்க ஊர்லயே இல்ல சார். வீடு சும்மாதான் இருந்துது. யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்" என்றாய். என் வாக்கியம், சேவி. ஒரு சொல் மாறாமல். போண்டாவோடு கொடுத்த வாக்கியம். அதைக் கேட்ட பிறகும் வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் நான் சொன்னது, "சேர்க்கை சரியில்லை" என்பதுதான். என்ன சேர்க்கை என்று கேட்டவர்களிடம் அன்வர் பெயரைச் சொன்னேன். வேற்று மதத்துப் பையன் என்பதால் அவர்களும் உடனே நம்பினார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த அன்வர்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவன். நீ வெளியே வந்ததும் யாரும் வேலை தராதபோது கடையில் இடம் கொடுத்தவன்.

கோர்ட்டு வராந்தாவில் அந்த டீச்சரை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தேன். கையில் பத்திரத்தின் நகல் இருந்தது. என்னை யார் என்று தெரிந்துகொண்டுதான் பேசினார். "எத்தனை அழகாப் போட்டிருக்கான் பாருங்கோ. நானே போட்ட மாதிரி இருக்கு. இதப் பார்த்துண்டே இருந்தா, நானேதான் போட்டுக் குடுத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீடு அவருக்குத் திரும்பக் கிடைக்க நாலு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் நட்டு வளர்த்த மாமரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். நஷ்டம் யாருக்கு என்று என் ஆயுளில் முதல் தடவையாக ஒருவர் வந்து பதில் சொன்னார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாதது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது போன மாதம் வங்கியில் நடந்தது. படிவத்தில் என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுன்டரில் இருந்த பெண் திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு தாளில் போட்டேன். சுழி எங்கோ ஓடியது, புள்ளி கோடாகிவிட்டது. ஊரார் கையெழுத்தையெல்லாம் போட்டவனுக்குத் தன் கையெழுத்து வரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற உன் காதருகே குனிந்து, "நீ போட்டுடேன்டா. என் கையெழுத்துதானே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன். நீ பேனாவை மூடினாய். உன் முகத்தில் ரத்தம் இல்லை. "வேணாம்பா" என்றாய். அந்தப் பெண்ணிடம் மைப்பெட்டி கேட்டு வாங்கி, என் கட்டைவிரலைப் பிடித்து, நிதானமாக உருட்டி வைத்தாய். உன் கைக்குட்டையால் துடைத்தும் விட்டாய். கைநாட்டு வைத்த அவமானத்தில் இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. நீ வெளியே வந்து மூன்று வருஷத்தில் உன்னைத் திரும்பவும் அந்தக் காரியத்துக்குக் கூப்பிட்டது பழைய சினேகிதர்கள் இல்லை, அந்த மேனேஜர் இல்லை. நான்.

ஓலை வாசித்து மூன்றாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், உனக்குத் தெரியாமல் வடபழனிக்குப் பஸ் ஏறினேன். ரெஜினா பள்ளியிலிருந்து வந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மேஜை மேல் நீ பிரேம் போட்டுக் கொடுத்த அவள் வகுப்புப் பிள்ளைகளின் போட்டோ இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்ததில்தான் உங்கள் பழக்கமே ஆரம்பம் என்று சொல்லியிருக்கிறாய். நின்றுகொண்டே சொன்னேன். துபாய் பொய் என்றேன். இரண்டு வருஷம் எங்கே இருந்தாய், எதற்கு இருந்தாய் என்றேன். அந்தக் கையை அப்படிப் பழக்கியவன் நான் என்றும் சொன்னேன்.

"மாமா, மொதல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எனக்குத் தெரியும் மாமா. மூணாவது தடவ பாக்குறப்பவே எல்லாம் சொல்லிட்டாரு. அந்த டீச்சரோட மாமரம் வரைக்கும். எங்க அப்பா அம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்ச பிறகுதான் உங்கள வரச்சொன்னோம்."

உட்கார்ந்துகொண்டே கேட்டேன்: "அப்ப அன்னிக்கு வெயிலப் பத்தி ஏம்மா கேட்டாரு?"

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பாவுக்குக் குசும்பு மாமா. நீங்க கெளம்புனதும் அவர் சிரிச்ச சிரிப்பு மூணு வீட்டுக்குக் கேட்டுது." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உங்க பையன்தான் எங்கள ஒண்ணும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. 'எங்க அப்பா இத அவராவே வந்து சொல்லுவாரு. அதுக்குள்ள நாம கண்டுபிடிச்சதாக் காட்டிட்டா, அவருக்குச் சொல்ல எடமில்லாமப் போயிடும்'னாரு. மூணு ஓலைக்குள்ள வந்துடுவாருன்னும் சொன்னாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஆனால் உட்காராமல் நின்றேன். தேங்காய் எண்ணெய்த் தலையோடு என் மடியில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இந்தக் காத்திருப்பை யாரிடம் கற்றுக்கொண்டான்? என்னிடம் இல்லை. உன் அம்மாவிடம் கொஞ்சம். அன்வரிடம் நிறைய. நான் சேர்க்கை சரியில்லை என்று சொன்ன அதே சேர்க்கை. உன்னை அப்போது நினைத்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று. நாளைக்கு உனக்கும் ரெஜினாவுக்கும் பிள்ளை பிறந்து, அது ஏதாவது திருட்டுத்தனம் செய்து உன் முகத்தை அண்ணாந்து பார்க்கும்போது, உனக்குச் சிரிப்பு வரும். நிச்சயம் வரும், அவ்வளவு அழகாகச் செய்திருக்கும். அந்த நேரம் உன் அம்மா பஸ்ஸில் சொன்னதை நினைத்துக்கொள்.

நாளைக் காலை நானும் உன்னோடு கடைக்கு வருகிறேன். உன் வேலையைப் பார்க்க இல்லை, அன்வரிடம் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. கோவில் பதிவேட்டில் உனக்குச் சாட்சிக் கையெழுத்து அவன் போட வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய், நான்தான் முகத்தைச் சுளித்தேன். என் வாயாலேயே அவனைக் கூப்பிடுகிறேன். வர மாட்டேன் என்றால் அது அவன் நியாயம். பிறகு ஒருநாள் அடையாறுக்கும் என்னைக் கூட்டிப் போ. அந்த டீச்சர் கதவைத் திறந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், திறக்காவிட்டால் வாசலில் ஒரு மாங்கன்று வைத்துவிட்டு வரலாம்.

கல்யாணத்தன்று பதிவேட்டில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். கோவில் ஆபீசில் மைப்பெட்டி இருக்குமோ என்னவோ, நீ கோட்டுப் பையில் ஒன்று போட்டுக்கொள். வங்கியில் பிடித்த மாதிரியே விரலைப் பிடித்துக்கொள், வெட்கப்பட மாட்டேன். இந்தக் கடிதத்தின் அடியிலும் ரேகைதான் வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள். இது ஒன்றை மட்டும் நானே போட்ட மாதிரி உன்னாலும் போட முடியாதுடா.

உன் அப்பா